பழைய பெயரும் புதிய பதிப்பும்

கிரேக்க மொழியிலே ‘குபேர்னெற்றிஸ்’ என்பது சுக்கான் பிடிப்பவனைக் குறிக்குஞ் சொல். பழந்தமிழ் அவனை மீகாமன் என்று வழங்கும். 2014ஆம் ஆண்டிற் கூகிள் நிறுவனம் வெளியிட்ட மென்பொருளொன்று இப்பெயரைப் பெற்றது. எங்கோ ஒரு மண்டபத்தில் அடுக்கடுக்காய் நிற்கும் கணினிகளை வாடகைக்கு எடுத்துத் தொழில் நடத்துவதை மேகக் கணிமை என்பர். எந்த வேலையை எந்தக் கணினி ஏற்பது, ஒன்று பழுதுற்றால் அதன் பணியை எதற்கு மாற்றுவது என்பவற்றை மனிதர் கைபடாமலே தீர்மானிப்பது இம்மீகாமனின் கடமை.

ஆண்டுதோறும் இதற்கு ஏறக்குறைய மூன்று புதிய பதிப்புகள் வருகின்றன. புதுப்பிக்காமலே விட்டாலென்ன என்று நேயர்கள் கேட்கக்கூடும். ஒரு பதிப்புச் சுமார் 14 மாதங்களே பேணப்படும். ஆதலின் வாளா இருத்தல் இயலாது. புதுப்பித்தற்கு முறையும் உண்டு. ஆணைகளை வாங்கும் தலைமை வழங்கியை முதலில் மாற்றல் வேண்டும். ஏவல் கேட்கும் கணினிகள் அதனை முந்தலாகாது. ஒரு பதிப்பைத் தாண்டி அடுத்ததற்குப் பாய்தலும் ஆகாது. பள்ளிக்கூடங்களில் முன்னர் வழங்கிய இரட்டை வகுப்பேற்றத்துக்கு இங்கு இடமில்லை.

முறைப்படி நடந்தோருக்கும் இடர் வருவதுண்டு. கோடிக்கணக்கானோர் கூடி உரையாடும் அமெரிக்க இணையத்தளமாகிய றெடிற், 2023 மார்ச் 14ஆம் நாள், தன் பழைய கணினித் தொகுதியொன்றை 1.23ஆம் பதிப்பிலிருந்து 1.24ஆம் பதிப்புக்கு உயர்த்திற்று. சில நிமிடங்களில் தளம் நின்றது. 314 நிமிடங்கள் நீடித்தது. வட்டத்துக்குரிய 3.14 என்னும் எண்ணைக் கணித அன்பர் கொண்டாடும் நாளும் அதுவே. அப்பொருத்தத்தை வியக்க அன்று அப்பொறியியலாளருக்கு ஓய்விருந்திராது.

காரணம் ஒரு பெயர்ப்பட்டி. தலைமைக் கணினிகள் எசமான் எனப் பொருள்படும் ‘மாஸ்ரர்’ என்ற பட்டியைத் தாங்கியிருந்தன. அடிமை முறையை நினைவூட்டுஞ் சொல்லென அதனை நீக்கி வேறொரு பட்டியை இட மென்பொருளாளர் தீர்மானித்தனர். தீர்மானம் நியாயமானதே. ஒளித்துஞ் செய்தாரல்லர்: 2020இல் வந்த 1.20ஆம் பதிப்பிலேயே அறிவித்து, இரு பட்டிகளையும் சிலகாலம் ஒருங்கே வைத்திருந்து, 2022இல் வந்த 1.24இலேதான் பழையதைக் களைந்தனர். ஆனால் றெடிற்றின் அத்தொகுதியில், ஏனைய கணினிகளுக்குச் செய்தி செல்லும் பாதையை அறிவிக்கும் பொறுப்புத் தலைமைக் கணினிகளிடமே இருந்தது. அவற்றை இனங்காண ‘மாஸ்ரர்’ பட்டியுடையவற்றைத் தேடுக என்று பல்லாண்டுகளின் முன் எவரோ ஓரிடத்தில் எழுதி வைத்திருந்தனர். பட்டி மறைந்தது, தேடியபோது ஒன்றுங் கிடைத்திலது, பாதைகள் அற்றன. அக்குறிப்பு உண்டென்பதே நினைவில் இல்லாதவருக்கு அறிவித்தலை வாசித்தும் பயனென்ன?

மீளும் வழியும் எளிதாயிருக்கவில்லை. பதிப்பைக் கீழிறக்க இம்மென்பொருள் இடந்தருவதில்லை. சேமித்து வைத்த பிரதியிலிருந்து தொகுதியை மீள நிறுவ வேண்டியதாயிற்று. அதற்கென எழுதப்பட்ட நெறிமுறையோ டொக்கர் என்னும் மென்பொருளை மனத்திற் கொண்டது; தொகுதி அதனைக் கைவிட்டு வேறொன்றுக்கு மாறிவிட்டிருந்தது. தளம் நின்ற வேளையிலேயே, பொறியியலாளர் அந்நெறிமுறையின் கட்டளைகளைத் திருத்தித் திருத்திப் பயன்படுத்தினர். இவ்விரண்டாம் பிழையே முதலாவதினும் கவனிக்கத்தக்கது. புதிய பதிப்பு வந்தவிடத்து வழங்கிகளைப் புதுக்குவோர், மீட்பு ஏட்டைப் புதுக்க மறந்துவிடுகின்றனர்.

தளம் மீண்ட பின்னரே பெயர்ப்பட்டியின் கதை வெளிப்பட்டது. றெடிற் அதனை மறையாது விரிவாக எழுதி வெளியிட்டது. தத்தம் தொகுதிகளிலே அப்பழைய சொல் எங்கேனும் ஒட்டிக்கிடக்கின்றதா என்று பிறரும் தேடுவதற்கு அதனால் வழி பிறந்தது.