கடலையும் கல்விக்கூடமும்



வேர்க்கடலையை ஏழைகளின் பாதாம் என்று நாம் பாராட்டுவதுண்டு. ஆயினும் சில குழந்தைகளுக்கு அதே கடலை நஞ்சாக முடிகின்றது. அத்தகைய குழந்தைகளைப் பள்ளியில் காக்கும் வழி குறித்தே இன்று நான் பேச விழைகின்றேன்.

உடலின் தற்காப்பு ஆற்றல், கடலையிலுள்ள புரதத்தைப் பகையென மயங்கி எதிர்ப்பதே இவ்வொவ்வாமை. தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி ஆகியவற்றோடு நில்லாமல், மூச்சுத் திணறி இரத்த அழுத்தமும் தாழுமாயின் உயிருக்கே ஆபத்து. இந்நிலைக்கு 'அனபிலாக்ஸிஸ்' என்று 1902-ஆம் ஆண்டில் பெயரிட்டவர்கள் ரிஷே, போர்ட்டியே என்னும் பிரெஞ்சு அறிஞர்கள். தொடையின் வெளிப்புறத்தில் உடனே செலுத்தும் அட்ரினலின் ஊசியே இதற்கு முதல் மருந்து. அரிப்பைத் தணிக்கும் மாத்திரைகள் அதற்கு ஈடாகமாட்டா.

தமிழர் பலர் குடியேறி வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், 2003-ஆம் ஆண்டு, சப்ரினா என்னும் 13 வயது மாணவி மாண்டாள். அவளுக்குப் பால் ஒவ்வாது. பள்ளியில் அவள் உண்டதோ உருளைக்கிழங்கு வறுவல். பாலாடைக்கட்டி பட்ட இடுக்கியால் அவ்வறுவலை எடுத்ததே கேடாயிற்று என்று கருதப்பட்டது. அவளுடைய ஊசி மருந்து அலமாரியில் இருந்தது. அது வந்து சேருமுன் காலம் கடந்துவிட்டது.

2005-இல் இயற்றப்பெற்று 2006 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம் அச்சிறுமியின் பெயரையே தாங்கி நிற்கின்றது. ஒவ்வாமையுள்ள ஒவ்வொரு மாணவருக்கும் தனித் திட்டம் வகுக்க வேண்டும். ஊழியர்களுக்கு முறையாகப் பயிற்சி அளிக்க வேண்டும் என்று அது விதிக்கின்றது. பிரிட்டனிலோ, 2017 அக்டோபர் முதல், பள்ளிகளே மருத்துவர் சீட்டின்றி இவ்வூசியை வாங்கி இருப்பில் வைத்துக்கொள்ளலாம்.

கடலையைப் பள்ளிக்குள் தடை செய்துவிட்டால் போதாதா என்று தாங்கள் கேட்கலாம். தடை வாயிலைத்தான் காக்கும், கரண்டியைக் காக்காது. எனவே, சமையற்காரர் முதல் தலைமையாசிரியர் வரை ஒவ்வொருவரும் அக்குழந்தையை அறிந்திருத்தல் வேண்டும். மருந்து பூட்டிய அறையில் இராமல், கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். உண்டபின் பிள்ளைகள் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். மயங்கிய குழந்தையை நடத்திச் செல்லலாகாது. கால்களைச் சற்று உயர்த்திப் படுக்க வைத்தல் வேண்டும். மூச்சுத் திணறினால் கால் நீட்டி உட்கார வைக்கலாம். ஊசி போட்டபின் நலமாகத் தோன்றினும், சில மணி நேரத்தில் நோய் மீளக்கூடுமாதலால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது இன்றியமையாதது.

இன்னுமொன்று. அக்குழந்தையைத் தனியே ஒதுக்கி உட்கார வைப்பது பாதுகாப்பாகாது. ஒதுக்கப்பட்ட பிள்ளை தன் துன்பத்தை வெளியே சொல்லத் தயங்கும். அத்தயக்கத்தில் கழியும் நிமிடங்களே உயிரைப் பறிக்கக் கூடியவை. நண்பனுக்கு எது ஆகாது என்று அறிந்த பக்கத்து மாணவனே சிறந்த காவலன் என்பது என் துணிபு.