நாற்பது வயசுக்கு மேல கான்டாக்ட் லென்ஸ்: கிட்டயும் தெரியணும், தூரமும் தெரியணும்

இன்னைக்கு எபிசோட் கண்ணைப் பத்தி. கேக்குற உங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இந்தப் பிரச்சினை இன்னும் வந்திருக்காது. உங்க அப்பா, அம்மா, சித்தி, மாமாவுக்கு வந்திருக்கும். ஆனா அவங்க அதை உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க. அதனாலதான் நாம பேசணும்.

நம்ம ஊர்ல இதைக் கண்டுபிடிக்க ஒரு கருவி எல்லார் வீட்டுச் சுவத்துலயும் தொங்குது. தினசரி காலண்டர்தான். பெரிய தேதியை எல்லாரும் படிப்பாங்க. கீழ பொடி எழுத்துல ராகுகாலம், எமகண்டம், நல்ல நேரம் இருக்கும் பாருங்க, அங்க வந்ததும் கை தானா நீளும், தலை பின்னாடி போகும், "லைட்டைப் போடு"ன்னு ஒரு குரல் வரும். அதுக்குப் பேர் வெள்ளெழுத்து. அழகான தமிழ்ச் சொல். பொடி எழுத்து வெளுத்துப்போன மாதிரி தெரியுறதால வந்த பேரு.

அந்தக் காலண்டர்ல பெரும்பகுதி அச்சாகுறது சிவகாசியில. அங்க ஒரு ஆப்செட் பிரஸ்ல எங்க சித்தப்பா மெஷின் ஓட்டுறார். வயசு 47. சின்ன வயசுலேருந்து கிட்டப்பார்வை, மைனஸ் 3 பவர். அவர் கதையை வச்சுத்தான் இன்னைக்கு விளக்கப் போறேன். அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன், பேரு மட்டும் வேண்டாம்னுட்டார்.

முதல்ல கணக்கு. நான் இன்ஜினியரிங் படிச்சவன், கணக்கு இல்லாம வராது. ஒரு பொருள் எவ்வளவு கிட்ட இருக்கோ, அவ்வளவு பவரைக் கண் கூடுதலா போடணும். ஒண்ணை மீட்டர் தூரத்தால வகுத்தா டயாப்டர் கிடைச்சிடும். 40 சென்டிமீட்டர்ல புத்தகம் படிக்க 2.5 டயாப்டர் வேணும். 33 சென்டிமீட்டர்ல போன் பார்க்க 3 வேணும். இந்தக் கூடுதல் பவரைக் கொடுக்குறது கண்ணுக்குள்ள இருக்குற இயற்கை லென்ஸ். சுத்தி இருக்குற தசை சுருங்கும்போது அந்த லென்ஸ் கொஞ்சம் உருண்டு, பவர் ஏறும். சின்னப் பிள்ளைகளுக்கு 10 டயாப்டருக்கு மேல கையிருப்பு இருக்கும். வயசாக ஆக லென்ஸ் இறுகிப் போகும், தசை இழுத்தாலும் வடிவம் மாறாது. ஐம்பதை ஒட்டி கையிருப்பு சுமார் 2 டயாப்டர் அளவுக்கு வந்திடும். இது நோய் இல்ல. எல்லாருக்கும் வரும். கண் பயிற்சி பண்ணாலும் கேரட் தின்னாலும் திரும்பாது.

இப்போ மைனஸ் 3 இருக்குற ஆளுக்கு ஒரு சலுகை உண்டு. கண்ணாடியைக் கழட்டிட்டா, 33 சென்டிமீட்டர்ல எல்லாம் தெளிவா தெரியும். சித்தப்பா பல வருஷமா அப்படித்தான் ஓட்டினார். கண்ணாடியை நெத்திக்கு ஏத்துவார், தாளைப் பக்கத்துல வச்சு நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காந்திருக்கான்னு ரெஜிஸ்டர் மார்க்கைப் பார்ப்பார், மறுபடி கண்ணாடியை இறக்கி மெஷினோட அந்தப் பக்கத்தைப் பார்ப்பார். ஒரு ஷிஃப்ட்ல இது எத்தனை தடவை நடக்கும்னு நினைச்சுப் பாருங்க.

சிவகாசியில ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருஷ காலண்டர் ஆல்பம் வெளிவரும். அதுலேருந்து மார்கழி வரைக்கும் சீசன். ஒரு மயிரிழை கலர் விலகினா சாமி படத்துல ரெண்டு மூக்கு தெரியும். அந்தத் தாள் முழுக்க வேஸ்ட். போன சீசன்ல சித்தப்பா ஓட்டுற தாளைச் சரிபார்க்க ஒரு சின்னப் பையனைப் பக்கத்துல நிறுத்த ஆரம்பிச்சாங்க. யாரும் எதுவும் சொல்லல. ஆனா அவருக்குப் புரிஞ்சது. இருபத்தஞ்சு வருஷக் கைத்தொழில், கண் மட்டும் ஒத்துழைக்க மாட்டேங்குது.

"புரோகிரசிவ் கண்ணாடி போட வேண்டியதுதானே?"ன்னு நீங்க கேக்கலாம். போட்டுப் பார்த்தார். அந்தக் கண்ணாடியில மேல் பாகம் தூரத்துக்கு, கீழ் பாகம் கிட்டத்துக்கு. ஆபீஸ்ல உக்காந்து வேலை செய்யுறவங்களுக்கு அருமையான விஷயம். ஆனா மெஷின்ல சில நேரம் தலைக்கு மேல இருக்குறதைக் கிட்ட பார்க்கணும். அப்போ தாடையை வானத்துக்குத் தூக்கணும். விருதுநகர் மாவட்டத்து வெயில்ல மூக்குல வியர்வை. குனிஞ்சா கண்ணாடி வழுக்குது. ஓடுற மெஷினுக்குள்ள அது விழுந்தா என்ன ஆகும்? அதனாலதான் கண் டாக்டர் கான்டாக்ட் லென்ஸ் யோசனையைச் சொன்னார்.

ஆனா சாதாரண கான்டாக்ட் லென்ஸ் போட்டா சிக்கல் கூடும். தூரம் சரியாகும். கிட்டப் பார்க்கணும்னா நெத்திக்கு ஏத்த முடியாதே! அதனால நாற்பதுக்கு மேல லென்ஸ் போடுறவங்களுக்கு முக்கியமா ரெண்டு வழி இருக்கு.

முதல் வழி மோனோவிஷன். ஒரு கண்ணுக்குத் தூரம், இன்னொரு கண்ணுக்குக் கிட்ட. நமக்கு வலதுகை, இடதுகைப் பழக்கம் இருக்குற மாதிரி கண்ணுக்கும் உண்டு. ரெண்டு கையையும் சேர்த்து ஒரு சின்ன முக்கோண ஓட்டை பண்ணி, அது வழியா தூரத்துல ஒரு பொருளைப் பாருங்க. ஒவ்வொரு கண்ணா மூடுங்க. எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் ஓட்டைக்குள்ளயே நிக்குதோ, அதுதான் உங்க மூத்த கண்ணு. வழக்கமா அதுக்குத் தூரத்தைக் கொடுப்பாங்க. மங்கலா இருக்குற பிம்பத்தை மூளை கண்டுக்காம விட்டுடும். பலருக்கு இது நல்லாவே ஒத்துப்போகும். இழப்பு என்னன்னா, ரெண்டு கண்ணும் சேர்ந்து தர்ற ஆழ உணர்வு குறையும்.

அது எவ்வளவு முக்கியம்னு ஒரு விஷயம் சொல்றேன். 1996 அக்டோபர் 19, நியூயார்க் லாகார்டியா விமான நிலையம். ஒரு எம்டி-88 விமானம் ஓடுபாதைக்கு முன்னாடியே தட்டி விபத்துக்குள்ளாச்சு. உயிரிழப்பு இல்ல. விசாரிச்ச அமெரிக்க போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், கேப்டன் போட்டிருந்த மோனோவிஷன் லென்ஸால விமானம் ஓடுபாதைக்கு எந்த நிலையில இருக்குன்னு அவரால சரியா கணிக்க முடியலைன்னு முடிவு சொன்னாங்க. நம்மாளுங்க விமானம் ஓட்டலை. ஆனா ராத்திரி பைக்ல எதிர் லாரியை முந்துற தூரத்தைக் கணிக்கிறாங்களே!

ரெண்டாவது வழி மல்டிஃபோக்கல். ஒரே லென்ஸ்ல தூரப் பவரும் கிட்டப் பவரும் வளையம் வளையமா, இல்ல மெதுவா மாறுற மாதிரி இருக்கும். கண்ணாடி மாதிரி மேல ஒண்ணு கீழ ஒண்ணு வைக்க முடியாது, ஏன்னா லென்ஸ் கண்ணோட சேர்ந்தே திரும்பும். அதனால ரெண்டு பிம்பமும் ஒரே நேரத்துல விழித்திரைக்குப் போகும். தெளிவானதை மூளை எடுத்துக்கணும். இரைச்சலான டீக்கடையில எதிர்ல உக்காந்திருக்குற நண்பன் குரலை மட்டும் கேக்குறோம்ல, கிட்டத்தட்ட அந்த வேலை. அதுக்கு மூளைக்கு நாள் வேணும். சிலருக்கு ஒரு வாரம், சிலருக்குச் சில வாரம். சிலருக்கு ஒத்துவரவே வராது, அதுல தப்பும் இல்ல.

சித்தப்பா எடுத்தது மல்டிஃபோக்கல். முதல் வாரம் எழுத்துக்குப் பின்னாடி நிழல் தெரிஞ்சது. ராத்திரி திருத்தங்கல் வழியா வீட்டுக்கு வரும்போது ஒவ்வொரு லாரி ஹெட்லைட்டைச் சுத்தியும் ஒளிவட்டம். "எதிர்ல வர்ற லாரி எல்லாம் சாமி மாதிரி வருது தம்பி"ன்னார். காரணம் இருக்கு. இருட்டுல கண்மணி விரியும், லென்ஸோட எல்லா வளையமும் ஒரே நேரத்துல வேலைக்கு வந்துடும், கான்ட்ராஸ்ட் குறையும்.

அவர் விட்டுட்டிருப்பார். விடாததுக்குக் காரணம், டாக்டர் முன்கூட்டியே இதையெல்லாம் சொல்லி, ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொன்னதுதான். திரும்பப் போனப்போ, மூத்த கண்ணுல கிட்டப் பவரைக் குறைச்சு, தூரத்துக்குச் சாதகமா மாத்தினாங்க. அடுத்த தடவை இன்னொரு சின்னத் திருத்தம். சாஃப்ட்வேர்ல ரிலீஸ் பண்ணிட்டு ட்யூன் பண்ற மாதிரிதான் இது. முதல் லென்ஸே கடைசி லென்ஸா இருக்காது.

இப்போ நிலைமை என்ன? பகல் ஷிஃப்ட்ல லென்ஸ். பொடிப் புள்ளியைப் பார்க்க இன்னமும் சின்ன பூதக்கண்ணாடி வேணும். ராத்திரி வண்டி ஓட்டணும்னா லென்ஸைக் கழட்டிட்டு பழைய கண்ணாடி. அவர் சொன்னதுதான் சரியான விமர்சனம்: "எந்தப் பாடத்துலயும் நூறு இல்ல தம்பி. ஆனா எல்லாத்துலயும் பாஸ்." பக்கத்துல நின்ன பையன் இந்த சீசன்ல வேற மெஷினுக்குப் போயிட்டான்.

இங்க ஒரு எச்சரிக்கை. இது பட்டாசு ஊர். எங்க சொந்தத்துல பாதிப் பேர் பட்டாசுத் தொழில்ல இருக்காங்க. அலுமினியப் பவுடர், கந்தகம், வெடியுப்பு பட்ட கையோட லென்ஸைத் தொடவே கூடாது. கான்டாக்ட் லென்ஸ் கண்ணுக்குக் கவசமும் இல்ல. தூசி, தீப்பொறி இருக்குற இடத்துல மேல பாதுகாப்புக் கண்ணாடி போட்டே ஆகணும். தீபாவளிக்கு வெடி வெடிக்கிற உங்களுக்கும் இதேதான். மருந்து கண்ணுல பட்டா தேய்க்காதீங்க. உடனே சுத்தமான தண்ணியில கழுவ ஆரம்பிங்க, கழுவிக்கிட்டே சீக்கிரமா லென்ஸை எடுத்துடுங்க, நேரா கண் ஆஸ்பத்திரிக்குப் போங்க. தினப்படி விதி இதுக்கு நேர்மாறு: லென்ஸைத் தண்ணியில கழுவக் கூடாது, அதுக்கான சொல்யூஷன்தான். லென்ஸோட தூங்கக் கூடாது, குளிக்கக் கூடாது. குழாய்த் தண்ணியில இருக்குற அகந்தமீபாங்கிற நுண்ணுயிரி பார்வையையே பறிக்கலாம்.

லென்ஸ் எல்லாருக்கும் தேவையும் இல்ல. கிட்டப் பார்வை மட்டும் குறைஞ்சவங்களுக்கு ஒரு சாதாரண ரீடிங் கிளாஸே பெரிய வித்தியாசம் தரும். அசாம்ல 40 வயசுக்கு மேற்பட்ட 751 தேயிலைத் தொழிலாளர்களை வச்சு ஒரு ஆய்வு நடந்து, 2018ல லான்செட் குளோபல் ஹெல்த் இதழ்ல வந்தது. ரீடிங் கிளாஸ் கிடைச்சவங்க, கிடைக்காதவங்களைவிட சுமார் 21.7 சதவீதம் கூடுதல் உற்பத்தித் திறன் காட்டினாங்க. கூலி எடைக்குக் கிடைக்கிற இடத்துல இது அப்படியே சம்பளம். குரோஸ் கணக்குல கூலி வாங்குற நம்ம பக்கத்துக்கு இதை விளக்கவே வேண்டாம். அதே சமயம், உலக சுகாதார நிறுவனத்தோட 2019 அறிக்கைப்படி வெள்ளெழுத்து இருந்தும் சரியான தீர்வு கிடைக்காதவங்க உலகத்துல 82 கோடிக்கும் மேல.

இத்தனைக்கும் நம்ம ஏரியாவுல கண் வைத்தியத்துக்குப் பஞ்சமே இல்ல. எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்துல பிறந்த டாக்டர் வெங்கடசாமி, அரசு வேலையில ஓய்வு பெற்ற பிறகு, 1976ல மதுரையில 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பிச்சார். வாத நோயால விரல் கோணிப் போன கையை வச்சுக்கிட்டு ஆபரேஷன் பண்ண மனுஷன். வசதி பக்கத்துல இருக்கு. நாம கூட்டிட்டுப் போறதுலதான் தாமதம்.

போகும்போது நாலு விஷயத்தை எழுதி எடுத்துட்டுப் போங்க. அவங்க வேலையில எந்தெந்த தூரம் பார்க்கணும், டேப் வச்சு அளந்து. ராத்திரி வண்டி ஓட்டுவாங்களா. தூசி, ரசாயனம் உண்டா. சர்க்கரை, கண் உலர்ச்சி இருக்கா. லென்ஸ்னா முதல்ல ட்ரையல் கேளுங்க. அவங்க தொழில் செய்யுற இடத்துலயே போட்டுப் பார்க்கட்டும், ஆஸ்பத்திரி சார்ட்டை மட்டும் நம்பாதீங்க.

ஒண்ணு மட்டும். "வயசாயிடுச்சு, இனி அவ்வளவுதான்"னு அவங்க சொன்னா ஒத்துக்காதீங்க. வயசானது கண்ணுல இருக்குற ஒரு லென்ஸுக்கு. இருபத்தஞ்சு வருஷத் தொழிலுக்கு இல்ல.

அடுத்த வாரம் வேற ஒரு விஷயத்தோட சந்திக்கலாம்.