பேர் வெட்டப் பழகுவோம்
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)



மேசைமேல் இருக்கும் வெற்றிக் கிண்ணங்களில் யார் யார் பெயர் இருக்கிறது என்று எல்லாரும் பார்க்கிறீர்கள். இக்காலத்தில் அதை இயந்திரம் வெட்டுகிறது. ஆனால், உங்கள் வீட்டில் பாட்டி காலத்துக் குடமோ அண்டாவோ இருந்தால் இறக்கிப் பாருங்கள். பேரும் தேதியும் புள்ளி புள்ளியாக இருக்கும். அது கையால் வெட்டியது. லயத்திலே ஒரு வீட்டுக் கல்யாணம்னா பத்து வீட்டுப் பாத்திரம் போகும். பேர் இருந்ததாலேதான் எது யாருடையது என்று சண்டையில்லாமல் வீடு திரும்பியது!

உலோகத்தில் எழுதுவது நமக்குப் புதிதல்ல. சுமார் 1006ஆம் ஆண்டில் இராசராச சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரை நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்குக் கொடுத்தான். அந்த விகாரத்தைக் கட்டியவர் கடாரத்து அரசர். கடாரம் என்பது நம் கெடா மாநிலம் என்பார்கள் அறிஞர்கள். அந்தக் கொடையை இராசேந்திரன் 21 செப்பேடுகளில் வெட்டுவித்தான். இரண்டு அரசுகளும் மறைந்தன. எழுத்து இன்னும் இருக்கிறது.

இந்தக் கைத்தொழிலைத் தொடங்குவது எப்படி? இதில் இரண்டு வகை உண்டு. கூர்முனை உளியைச் சுத்தியால் தட்டிப் புள்ளி வைப்பது ஒன்று. இதில் உலோகம் அமுங்கும், குறையாது. உளியால் கீறி, சுருள் சுருளாக உலோகத்தை எடுப்பது மற்றொன்று.

எவர்சில்வர் கடினமானது. ஆகையால் பித்தளைத் தகட்டில் தொடங்குங்கள். தகட்டை மரக்கட்டையில் அரக்கு உருக்கி ஒட்டிவிட்டால் அசையாது. தேய்ந்துபோன சிறு அரத்தைச் சாணை பிடித்தாலே உளி ஆகிவிடும். அடிக்கடி தண்ணீரில் நனைக்க வேண்டும். சூடேறினால் எஃகின் உறுதி போய்விடும். முனையை நகத்தின்மேல் லேசாக வையுங்கள். வழுக்காமல் நின்றால் கூர் சரி.

முதல் வாரம் எழுத்தே வேண்டாம். நேர்கோடுகள் மட்டும், பக்கத்தில் பக்கத்தில். உளியை அதிகம் தூக்கினால் குத்திக்கொண்டு நிற்கும். அதிகம் தாழ்த்தினால் வழுக்கி ஓடும். இடைப்பட்ட சாய்வைக் கைதான் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு ட, ப. அவை நேர்கோட்டு எழுத்துகள். அப்புறம் ம, ய. சுழியுள்ள ண, ஞ எல்லாம் கடைசியில். வளைவு வந்தால் உளியைத் திருப்பாதீர்கள், தகட்டைத் திருப்புங்கள். ஒன்று கவனம்: உளிக்கு முன்னால் மற்றக் கையை வைக்கவே கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். சிறுபிள்ளைகள் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் தொட வேண்டும்.

"மெஷின் இருக்கும்போது இது எதுக்கு வாத்தியாரே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இயந்திரம் கொடுத்ததை வெட்டும். எழுதிக் கொடுப்பவனுக்கு ல, ள, ழ தெரியாவிட்டால் பிழையையும் பளபளவென்று வெட்டித் தரும். கையால் வெட்டுகிறவனோ ஒவ்வொரு எழுத்தையும் நின்று யோசித்தாக வேண்டும். தகட்டில் ரப்பர் வைத்து அழிக்க முடியாதே!

பெற்றோர்களே, இன்று மேடைக்கு வராத பிள்ளைகளும் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். "இவனுக்குப் படிப்பு ஏறலே, ஒண்ணுக்கும் ஆக மாட்டான்" என்று அவர்கள் காதுபடச் சொல்லாதீர்கள். ஒரு பித்தளைத் தகட்டையும் ஓர் உளியையும் கொடுத்து, அருகில் உட்கார்ந்து பாருங்கள். நேராக ஒரு கோடு போடப் பத்து நாள் பொறுத்திருக்கும் பிள்ளை, பாடத்துக்கும் அந்தப் பொறுமையைக் கொண்டுவருவான். முதலில் அவன் தன் பேரையே வெட்டட்டும். அதைக் கூடத்தில் எல்லாரும் பார்க்க மாட்டி வையுங்கள்.