உடன்படிக்கைக்குச் சாட்சி யார்?
(யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யாக்கோபும் லாபானும் மலைநாட்டில் செய்துகொண்ட உடன்படிக்கையைத் தொடக்கநூல் 31-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஒருவருக்கொருவர் தீங்கு நினைத்து எல்லை தாண்டுவதில்லை என்று பேசி, கற்களைக் குவித்து, அக்குவியலையே சாட்சியாக வைத்தார்கள்.

இக்காலத்து நாடுகளும் காட்டுக்காகவும் காற்றுக்காகவும் உடன்படிக்கை செய்கின்றன. கையெழுத்துக்குக் குறைவில்லை, சாட்சிக்குத்தான் பஞ்சம். 1992-ஆம் ஆண்டு ரியோ மாநாட்டு ஒப்பந்தங்கள் சரிவர நிறைவேறவில்லை. கண்காணிக்கவும் மீறினால் தண்டிக்கவும் தக்க ஏற்பாடு இல்லாததே காரணம் என்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் சுட்டிக்காட்டினார்.

புலியின் கதையையே எடுத்துக்கொள்வோம். முன்பு காலடித் தடத்தைப் பார்த்துப் புலிகளை எண்ணினார்கள். ராஜஸ்தானத்துச் சரிஸ்கா காட்டில் ஏட்டுக் கணக்கில் புலிகள் இருந்தன; 2005-இல் தேடியபோது ஒன்றுகூட இல்லை! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அதே கதைதான். பின்னர் 2010-இல், பீட்டர்ஸ்பர்க் நகரில் கூடிய 13 நாடுகள், 2022-க்குள் புலிகளை இரு மடங்காக்குவோம் என்று வாக்குக் கொடுத்தன. வாக்கு நிறைவேறியதா என்று எப்படி அறிவது?

இங்கேதான் செயற்கை நுண்ணறிவு வருகிறது. 2018 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கிக் கேமராக்கள் வைத்தார்கள். விழுந்த படங்களோ ஏறக்குறைய மூன்றரைக் கோடி. மனிதர் உட்கார்ந்து பிரித்தால் எத்தனை ஆண்டாகுமோ! கணினியே மானையும் பன்றியையும் ஒதுக்கிவைத்தது. மிஞ்சிய புலிப்படங்கள் 76,651. நம் கைரேகை போல ஒரு புலியின் வரி மற்றொன்றுக்கு இராது; அவ்வரிகளை ஒப்பிட்டு ஒவ்வொரு புலியையும் அடையாளம் கண்டார்கள். 2006-இல் 1,411 என்றிருந்த மதிப்பீடு 2,967 ஆயிற்று. மகிழ வேண்டிய செய்திதான்.

நிற்க. இது நமக்குத் தூரத்துச் செய்தியன்று. பள்ளத்தாக்கின் எதிர்ப்புறம் நிற்கும் மேகமலையும் 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாயிற்று. புலிக்காக வைத்த கண்ணில் மனிதரும் விழுவார்கள் அல்லவா? வடக்கே கார்பெட் காட்டோரக் கிராமங்களைப் பற்றி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 2024-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்து வருந்தினோம். விறகுக்கும் புல்லுக்கும் போகும் பெண்கள், மிருகங்கள் விலகிப்போகும்படி உரக்கப் பேசிப் பாடிக்கொண்டு போவார்களாம். கேமரா வந்தபின் வாய்மூடிப் போகிறார்கள். அதற்குப் பயந்து பழகாத இடங்களுக்கும் ஒதுங்குகிறார்கள். ஒரு பெண்ணின் படம் வெளியே பரவியும் விட்டது.

லாபானின் கற்குவியல் இருவருக்கும் பொதுவான சாட்சி. லாபான் தாண்டினாலும் குற்றம், யாக்கோபு தாண்டினாலும் குற்றம். விறகுச் சுமைக்காரியைக் காட்டும் கேமரா, இரவில் மரம் ஏற்றிச் செல்லும் லாரியையும் காட்ட வேண்டும். இயந்திரம் பொய் சொல்லாது என்று சிலர் சொல்கிறார்கள். சரி, அதை எங்கே வைப்பது, எதைத் தேடச் சொல்வது என்று முடிவு செய்பவர் மனிதரே.

ஆகவே, நம் பங்கு வாலிபர்கள் வனத்துறையாரிடம் மரியாதையோடு கேட்கட்டும்: மனிதர் முகம் விழுந்த படங்களை யார் பார்க்கிறார்கள்? எத்தனை நாளில் அழிக்கிறார்கள்? மலைக்குப் போகும் தாய்மாருக்குக் கேமரா இருக்குமிடம் சொல்லப்படுகிறதா? 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி இதற்கு ஒரு தாளும் பத்து ரூபாய்க் கட்டணமும் போதும்.