கூடிய எலும்பும் உயராத கையும்

எலும்பு மூட்டு அறுவை மருத்துவர்களும் இயன்முறை மருத்துவர்களும் ஒரே அரங்கில் கலந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். வழக்கமாக நமக்குத் தனித்தனி மாநாடு, தனித்தனி சாப்பாட்டுக் கூடம். தோள்பட்டை முறிவைப் பற்றிப் பேசும்போது அந்தப் பிரிவினை செல்லாது என்று அமைப்பாளர்கள் முடிவு செய்தார்கள். அதற்காகவே இந்தத் தலைமைப் பொறுப்பை மகிழ்ச்சியோடு ஏற்றேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். தோளில் முறிந்த எலும்பு பெரும்பாலும் கூடிவிடுகிறது. கைதான் திரும்பி வருவதில்லை. மூன்று மாதம் கழித்து எக்ஸ்ரேயைப் பார்த்து நாம் திருப்திப்படுகிறோம். எதிரே இருக்கும் அம்மாவால் தலை வாரிக்கொள்ள முடியவில்லை, பின்கழுத்துக்குக் கை எட்டவில்லை, பரணிலிருந்து ஒரு டப்பாவை எடுக்க மருமகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. இதற்குச் சிகிச்சை முடிந்தது என்று பெயர் வைக்க எனக்கு மனமில்லை.

யாருக்கு இந்த முறிவு வருகிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. இளைஞர்களுக்கு இருசக்கர வாகனம். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போகும் பெண்களுக்குச் சேலைத் தலைப்பு சக்கரத்தில் சிக்கும் ஆபத்து வேறு. முதியவர்களுக்கு அவ்வளவு வேகம்கூடத் தேவையில்லை. ஈரக் குளியலறையும் நிலைப்படியும் போதும். முதியோரிடம் இடுப்பு, மணிக்கட்டு முறிவுகளுக்கு அடுத்தபடியாக அதிகம் காண்பது மேற்கை எலும்பின் மேல்முனை முறிவுதான். அப்படி விழுந்து முறிந்தால் அது தோளின் நோய் மட்டுமல்ல, எலும்புப்புரையின் முதல் அறிவிப்பும்கூட. தோளுக்கு மட்டும் மருந்தெழுதி அனுப்பினால் அடுத்த முறை அதே நோயாளி இடுப்பு முறிந்து வருவார்.

வலிப்பு வந்தவரையும் மின்சாரம் தாக்கியவரையும் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்குத் தோள் பின்பக்கமாக நழுவி முறிந்திருக்கலாம். நேர்முகப் படம் மட்டும் எடுத்தால் அது நம்மை ஏமாற்றிவிடும். குழந்தைகளைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. மேற்கை எலும்பின் வளர்ச்சியில் ஏறக்குறைய 80 சதவீதம் அந்த மேல்முனைத் தட்டில்தான் நடக்கிறது. கோணலாகக் கூடினாலும் வளர்ச்சியே பெரும்பாலும் நேராக்கிவிடும். காறை எலும்பு முறிவு, நெஞ்சுக் காயத்தோடு சேர்ந்து வரும் தோள்பட்டை எலும்பு முறிவு ஆகியவற்றைப் பிற்பகல் அமர்வுகளுக்கு விட்டுவிடுகிறேன்.

மேற்கை எலும்பின் மேல்முனை முறிவு எந்த வளர்ச்சிக் கோடுகளின் வழியே நான்கு துண்டுகளாகப் பிரியும் என்று முதலில் விளக்கியவர் பாஸ்டன் மருத்துவர் எர்னஸ்ட் கோட்மன். அவருடைய தோள் நூல் 1934இல் வந்தது. அதன்மேல் கட்டியெழுப்பி 1970இல் சார்லஸ் நீர் தந்த வகைப்பாட்டைத்தான் இன்றும் மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள்: ஒரு சென்டிமீட்டர் விலகல் அல்லது 45 டிகிரி சாய்வு இருந்தால் அது தனித் துண்டு. பேசிக்கொள்ள வசதியான எல்லை என்பதைத் தாண்டி அந்த எண்களுக்குப் புனிதம் எதுவும் இல்லை. 44 டிகிரிக்குக் கையைத் தாங்கும் தொட்டில், 46 டிகிரிக்குப் பிளேட் என்று முடிவெடுப்பவரிடம் என் தோளை நான் ஒப்படைக்க மாட்டேன்.

பிளேட் வைப்பதா வேண்டாமா என்ற வழக்குக்குப் பிரிட்டனில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. புரோஃபர் என்று அதைச் சுருக்கிச் சொல்வார்கள். 32 மருத்துவமனைகளில், விலகிய முறிவுள்ள 250 பேரை அறுவை ஒரு பாதி, தொட்டில் ஒரு பாதி என்று பிரித்துப் பார்த்தார்கள். 2015இல் முடிவு வந்தது: இரண்டு ஆண்டுக் கணக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஐந்தாண்டுத் தொடர்ச்சியிலும் அதே நிலை. அறுவை தெளிவாகத் தேவை என்று மருத்துவர்கள் கருதியவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. ஆகவே மேற்கை எலும்பின் தலை பிளந்தவருக்கும் மூட்டு நழுவி முறிந்தவருக்கும் அதைக் காட்டி வாதாட முடியாது. அத்தகைய முதியவர்களுக்கு 1980களில் பிரான்சில் பால் கிராமோன் வடிவமைத்த தலைகீழ் செயற்கை மூட்டு இன்று நல்ல வழி. கிழிந்த சுழற்சித் தசைகளை நம்பாமல் தோள்மேல் தசையைக் கொண்டே கையைத் தூக்க வைப்பது அது.

ஆனால் புரோஃபரை மேற்கோள் காட்டும் நம்மவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். "அறுவை வேண்டாம், தொட்டிலே போதும் என்று நிரூபித்துவிட்டார்கள்" என்கிறார்கள். தொட்டில் மட்டும் போதும் என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை. இரண்டு பிரிவினருக்கும் ஒரே ஒழுங்கில் இயன்முறைப் பயிற்சி தரப்பட்டது. அந்தப் பயிற்சியைக் கழித்துவிட்டு முடிவை மட்டும் இங்கே இறக்குமதி செய்தால் கிடைப்பது உறைந்துபோன தோள்.

தோள் ஏன் இவ்வளவு சீக்கிரம் இறுகுகிறது? சிறிய தட்டில் வைத்த பெரிய எலுமிச்சைபோல் அமைந்த மூட்டு அது. எலும்பு அதைப் பிடித்து வைப்பதில்லை. உறையும் தசையுமே பிடிக்கின்றன. அசையாத உறை சுருங்கிவிடும். கையை முழுதாகத் தூக்கும் 180 டிகிரியில் மூன்றில் இரண்டு பங்கு இந்த மூட்டிலும் மீதி தோள்பட்டை எலும்பு முதுகின்மேல் நகர்வதிலும் கிடைக்கிறது. அதனால்தான் இறுகிய தோளுக்காரர் கையைத் தூக்கச் சொன்னால் தோளைக் காதுவரை உயர்த்திக் காட்டுகிறார். அவரைக் குறை சொல்லாதீர்கள். அவரிடம் மிச்சமிருப்பது அதுதான்.

அதிகம் விலகாத முறிவுள்ள 86 பேரை வைத்து இங்கிலாந்தில் நடந்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. முதல் வாரத்திலேயே பயிற்சி தொடங்கியவர்களுக்கு, மூன்று வாரம் கட்டி வைத்துத் தொடங்கியவர்களைவிட 16ஆவது வாரத்தில் வலி குறைவு, செயல் அதிகம். நடைமுறையில் இதன் பொருள் எளிது. தொட்டில் போட்ட அன்றே விரல், மணிக்கட்டு, முழங்கை அசைய வேண்டும். வலி சற்றுத் தணிந்ததும் முன்னால் குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டும் கோட்மன் பயிற்சி. பிறகு நல்ல கையின் துணையோடு தூக்குவது. சுமார் ஆறு வாரத்தில், படத்தில் எலும்பு கூடும் அடையாளம் தெரிந்தபின், சொந்தமாகத் தூக்குவது. வலுவூட்டும் பயிற்சி மூன்றாம் மாதத்தை ஒட்டி. முன்னேற்றம் ஓராண்டு வரைகூடத் தொடரும் என்பதை நோயாளிக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டாம் மாதமே கைவிட்டுவிடுவார்.

இன்னும் சில சிறு விஷயங்களை யாரும் சொல்வதில்லை. சில நாள் கழித்து முழங்கை வரைக்கும் நெஞ்சு வரைக்கும் கருநீலம் இறங்கும், வீட்டார் பதறுவார்கள். அது கீழே வடிந்த இரத்தம்தான். படுக்கையில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து தூங்கினால் வலி குறையும். குனிந்து நின்றால் அக்குளைக் கழுவலாம். இவற்றைச் சொல்ல மூன்று நிமிடம் ஆகும். நோயாளி மறுபடி வருவதும் வராததும் பல நேரம் அந்த மூன்று நிமிடத்தில் தீர்மானமாகிறது.

ஏனென்றால் அவருக்கு முன்னமே ஒரு மனக்குறை இருக்கிறது. "என்ன டாக்டர், மாவுக்கட்டு இல்லையா? வெறும் தொட்டில்தானா?" என்று கேட்கிறார். நாம் பதில் சொல்லாவிட்டால் பதில் சொல்ல ஊர்தோறும் புத்தூர் கட்டுப் பலகைகள் இருக்கின்றன. அங்கே கிடைக்கும் நேரமும் பேச்சும் நம்மிடம் கிடைப்பதில்லை என்பதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: புதிய முறிவை எண்ணெய் போட்டு நீவுவதும் வலிக்க வலிக்க இழுப்பதும் தோளுக்கு ஆகாது. நரம்பு அடிபட்டிருக்கிறதா என்று தோளின் வெளிப்புறத் தோலைத் தொட்டுப் பார்ப்பவர் அங்கே யாருமில்லை.

நம் மருத்துவமனைச் சீட்டுகளும் பெருமைப்படும்படி இல்லை. பலவற்றில் "பிசியோதெரபி" என்று ஒரே சொல். எலும்பு எவ்வளவு உறுதியாகப் பிடித்திருக்கிறது, எந்தக் கோணம்வரை போகலாம், எது கூடாது என்று அறுவை செய்தவர் எழுதாவிட்டால் இயன்முறை மருத்துவர் பயந்து பயந்து தொடுவார். அந்தப் பயத்திலேயே ஆறு வாரம் போய்விடும். கிராமத்து மூதாட்டி வாரம் மூன்று முறை பேருந்தேறி வருவார் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடிப் போகிறது. தோள் முறிந்தவரின் பெயரை அந்தப் பட்டியலுக்கு அனுப்ப வேண்டியவர்கள் நாம்தான்.

சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரையும் பின்தொடர்ந்து, முடிவில் அவருக்கு என்ன ஆயிற்று என்று மருத்துவமனைகள் வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்று போராடியவர் அதே கோட்மன். அமைப்பாளர்களிடம் அந்த வழியில் ஒரு வேண்டுகோள்: அடுத்த கருத்தரங்கிலிருந்து எக்ஸ்ரே படத்தோடு முடியும் கட்டுரைகளை ஏற்காதீர்கள். ஓராண்டு கழித்து அந்தக் கை எவ்வளவு உயர்ந்தது என்று அளந்து எழுதியவரை மேடைக்கு அழையுங்கள். இத்துடன் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் அமர்வை நடத்துபவர் வரலாம்.