கம்பத்துத் தண்ணி போய்ச் சேருற இடத்தில் எண்ணெய்க் கிணறா?

கம்பத்தில் நடந்த நம் கட்சியின் விவசாயிகள், இளைஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசாப் படிங்க தோழர்களே, படிச்சதும் பகிருங்க.

கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர், போடி பக்கமிருந்து வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, தாய்மார்களே, இளைஞர்களே, நேரலையில் பார்க்கும் தோழர்களே!

எண்ணெய்க் கிணறு பத்திப் பேச கம்பத்துல எதுக்கய்யா கூட்டம்? இந்தக் கேள்வி உங்களுக்கு வரும். வரணும். முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். கம்பம் பள்ளத்தாக்கில் எண்ணெய் எடுக்க யாரும் வரப்போறதில்லை. நம்ம காலுக்குக் கீழே இருக்கிறது கடினப் பாறை. எண்ணெயும் எரிவாயுவும் கிடைக்கிறது படிவுப் பாறையில். "தேனியில் ஹைட்ரோகார்பன் வருது" என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் தயவுசெய்து பகிராதீங்க. பொய்யை வைத்து நடத்துற போராட்டம் நாலு நாள்கூட நிக்காது.

அப்படின்னா நமக்கு என்ன கவலை? தண்ணியைப் பின்தொடர்ந்து போய்ப் பாருங்க, தெரியும்.

1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையிலிருந்து சுரங்கம் வழியா லோயர் கேம்ப் இறங்குற தண்ணி, நம்ம 14,707 ஏக்கர் இருபோக வயலை நனைக்குது. நம்ம பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைச்சதும் இந்த மண்ணையும் தண்ணியையும் வச்சுத்தான். அதே தண்ணி வைகை அணைக்குப் போகுது. அங்கிருந்து மதுரை, சிவகங்கை தாண்டி ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரைக்கும் போகணும். நாம தலைமடை, அவங்க கடைமடை. இந்தக் கடைமடைக்கு அடியில் கடினப் பாறை இல்லை. புவியியல் கணக்கில் 'காவிரிப் படுகை' என்று சொல்றாங்களே, அது கடலோரமா ராமநாதபுரம் வரைக்கும் நீளுது. வழுதூரில் எரிவாயு மின்நிலையம் ஓடுறதும் அதனாலதான்.

2025 மார்ச்சில் ராமநாதபுரம் பகுதியில் 20 சோதனைக் கிணறு தோண்ட ஓஎன்ஜிசி நிறுவனத்துக்கு மாநிலச் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுத்தது. செய்தி ஊருக்குத் தெரிந்தது ஆகஸ்டில். எதிர்ப்பு கிளம்பியதும், அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லித் தமிழ்நாடு அரசு உத்தரவிட்டது. நல்லது, வரவேற்கிறோம். ஆனா ஒன்றை மறந்துடாதீங்க. அது உத்தரவு, சட்டம் இல்லை. இன்னைக்கு ஒரு உத்தரவு நிறுத்தும். நாளைக்கு இன்னொரு உத்தரவு திறந்துவிடும்.

ஊருக்குத் தெரியாம அனுமதி எப்படிக் கிடைக்குது? 2020 ஜனவரி 16ஆம் தேதி ஒன்றிய அரசு சுற்றுச்சூழல் விதியைத் திருத்தியது. சோதனைக் கிணறுகளைக் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிட்டது. அதனால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை, முழு மதிப்பீட்டு அறிக்கையும் தேவையில்லை. இந்த வித்தை நமக்குப் புதுசா? பொட்டிப்புரம் நியூட்ரினோ திட்டத்தை 2018இல் கட்டுமானப் பணி என்ற பிரிவில் வைத்துத்தானே அனுமதி கொடுத்தாங்க? மலையைக் குடைவது கட்டுமானம். பூமியை ஆயிரக்கணக்கான மீட்டர் துளைப்பது வெறும் சோதனை. பேரை மாத்தினா போதும், மக்களிடம் கேட்க வேண்டாம்!

சரி, கிணறு தோண்டுறது யார்? ஓஎன்ஜிசியா? இங்கதான் பலருக்கும் தெரியாத ஒரு தொழில் இருக்கு. 'எண்ணெய் வயல் சேவை' என்று பேர்.

நம்ம தோட்டத்துல போர் போடுறதை நினைச்சுப் பாருங்க. நிலம் உங்களுது. வண்டி திருச்செங்கோட்டிலிருந்து வருது. பைப் ஒரு கடை, மோட்டார் வேற கடை, இடம் பார்த்துச் சொன்னவர் வேற ஆள். தண்ணி வரலைன்னா யாரைக் கேட்பீங்க? இடம் பார்த்தவர் வண்டிக்காரரைக் கை காட்டுவார். வண்டிக்காரர் அடிக்கணக்குப் பார்த்துக் காசை வாங்கிட்டுக் கிளம்பிடுவார். எண்ணெய்க் கிணறும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிசு. துளைக்கும் எந்திரம் ஒரு கம்பெனி வாடகைக்குக் கொடுக்கும். குழாயைச் சுற்றி சிமெண்ட் இறக்குவது ஒரு கம்பெனி. சேற்றுக் கரைசல் கொடுப்பது ஒன்று. கருவி இறக்கிப் பாறையை அளப்பது இன்னொன்று. எஸ்எல்பி, ஹாலிபர்டன், பேக்கர் ஹியூஸ் போன்ற பெரிய கம்பெனிகளின் வியாபாரமே இதுதான். கிணறு அவங்களுது இல்லை, எண்ணெயும் அவங்களுது இல்லை. வேலைக்குக் கூலி, அவ்வளவுதான்.

இதுல தப்பு என்ன? வேலையைப் பிரிச்சுக் கொடுக்கிறது தப்பு இல்லை. பொறுப்பும் சேர்ந்து பிரிஞ்சு போகுதே, அதுதான் ஆபத்து.

2010 ஏப்ரல் 20. மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் செத்தாங்க. 87 நாள் கடலில் எண்ணெய் கொட்டியது. கிணறு பிபி கம்பெனியுடையது, மேடை டிரான்ஸ்ஓஷன் கம்பெனியுடையது, சிமெண்ட் வேலை ஹாலிபர்டன். அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கை காட்டினாங்க. உலகமே பார்த்துக்கொண்டிருந்த வழக்கிலேயே இந்த நிலைமை.

நம்ம நாட்டுக்கு வருவோம். 2020 மே 27, அசாம் மாநிலம் பாக்ஜான். ஆயில் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கிணறு. வேலை செய்தது ஒப்பந்தம் எடுத்த தனியார் கம்பெனி. கிணறு கட்டுப்பாட்டை மீறிப் பீறிட்டது. ஜூன் 9ஆம் தேதி தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கான மக்கள் வீட்டை விட்டு முகாமுக்குப் போனார்கள். பக்கத்துச் சதுப்பு ஏரியில் மீன் செத்தது. கிணற்றை அடக்க நவம்பர் ஆனது. அடக்குவதற்கு சிங்கப்பூரிலிருந்து நிபுணர்கள் வர வேண்டியிருந்தது.

தஞ்சாவூர் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று குழாய் உடைந்து வயலில் எண்ணெய் ஓடியது. நியாயம் கேட்ட மக்களுக்குக் கிடைத்தது தடியடி.

"நாட்டுக்கு எண்ணெய் வேண்டாமா?" என்று கேட்பாங்க. நியாயமான கேள்விதான், நாம ஒளிய வேண்டாம். நம்ம ஏலக்காயும் திராட்சையும் வாழையும் டீசல் லாரியில்தான் போகுது. இந்தியா கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யுது. உள்நாட்டில் தேடவே கூடாது என்று நாம சொல்லலை. சோறு போடுற மண்ணில், தண்ணிக்கு மேல, ஊரைக் கேட்காம, பொறுப்பேற்க ஆள் இல்லாமத் தேடாதே என்கிறோம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. இந்தத் தொழிலில் நம்ம பிள்ளைகளும் இருக்காங்க. வெல்டர், ஃபிட்டர், டிப்ளமோ படிச்சவங்க என்று வளைகுடாவுக்குப் போய் உழைச்சு அனுப்புற காசில்தான் பல வீடு நிமிர்ந்து நிக்குது. அவங்க நமக்கு எதிரி இல்லை. எண்ணெய் விலை விழுந்தால் முதல் அடி அவங்களுக்குத்தான் விழும். 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் கச்சா எண்ணெய் விலை பூஜ்யத்துக்கும் கீழே போச்சு. அந்த வருஷமே, அப்போ ஷ்லம்பெர்ஜர் என்ற பேரில் இருந்த எஸ்எல்பி 21,000 பேருக்கு மேல் வேலையை விட்டு அனுப்புவதாக அறிவித்தது. பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி என்றால், அதுக்குக் கீழே துணை ஒப்பந்தக்காரனிடம் வேலை பார்க்கிற நம்ம பையனுக்கு யார் கணக்குப் பார்த்தா? வீட்டில் வெளிநாடு போனவங்க இருந்தா அயலகத் தமிழர் நல வாரியத்தில் உறுப்பினராப் பதிவு பண்ணச் சொல்லுங்க. தாமதிக்காதீங்க.

இப்போ நாம என்ன கேட்கிறோம்? மூன்றே மூன்று.

ஒன்று: 2020 பிப்ரவரியில் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டையில் சில ஒன்றியங்களும் அதில் இருக்கு. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கு அங்கே தடை. உருக்காலை, தோல் தொழிற்சாலை போன்றவற்றுக்கும் தடை. அந்தப் பட்டியலில் ராமநாதபுரம் இல்லை. தேனியும் இல்லை. காவிரித் தண்ணி பாயுற வயலுக்கு இருக்கிற சட்டம், முல்லைப்பெரியாறு தண்ணி பாயுற வயலுக்கு ஏன் இல்லை? கம்பம் பள்ளத்தாக்கு முதல் ராமநாதபுரம் கடைமடை வரை வைகைப் பாசனப் பகுதி முழுசையும் அதில் சேர்க்கணும். இங்கே எண்ணெய் இல்லாமல் இருக்கலாம். வேற ஆலையும் வேற திட்டமும் வராது என்று யார் எழுதிக் கொடுத்தது?

இரண்டு: 2020 ஜனவரித் திருத்தத்தை ஒன்றிய அரசு திரும்பப் பெறணும். சோதனைக் கிணறாக இருந்தாலும் ஊரைக் கூட்டிக் கேட்ட பிறகுதான் அனுமதி.

மூன்று: எத்தனை ஒப்பந்தக்காரர் இருந்தாலும், விபத்து நடந்தால் கிணற்றின் சொந்தக்காரர் முழுப் பொறுப்பு. அங்கே வேலை செய்கிற ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அவரே பொறுப்பு.

இதை எப்படிக் கேட்கிறது? கிராம சபையில் கேளுங்க. அடுத்த கிராம சபைக்கு எல்லோரும் போங்க. "எங்கள் ஊராட்சியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் சேர்க்க வேண்டும்" என்று தீர்மானம் கொண்டு வாங்க. தீர்மானப் புத்தகத்தில் எழுதுற வரைக்கும் எழுந்து வராதீங்க. நகலை வாங்கி நம் கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளரிடம் கொடுங்க. கட்டுக்கட்டாகச் சேர்த்து மாவட்ட ஆட்சியரிடமும் முதலமைச்சரிடமும் நாம கொண்டுபோய்க் கொடுப்போம்.

தோழர்களே, அணையில் தண்ணி குறைஞ்சா ராமநாதபுரத்து விவசாயியும் நம்மோடு சேர்ந்துதானே போராடுறார்? அவர் கிணத்தில் எண்ணெய் கலந்துடுமோ என்று பயந்து நிற்கும்போது தலைமடைக்காரன் வாயை மூடிக்கிட்டு இருக்கலாமா? கூடாது.

தலைமடையும் கடைமடையும் ஒண்ணு!
வைகைப் பாசனத்துக்கும் சட்டம் வேண்டும்!



#வைகைக்கும்_வேண்டும்_வேளாண்_மண்டலம்