சங்கிலியின் தொய்வுக் கணக்கு



மோட்டார் சைக்கிளில் நெடுந்தொலைவு புறப்படுவோர் டயரில் காற்றையும் டேங்கில் பெட்ரோலையும் பார்க்கத் தவறுவதில்லை. ஆனால் இஞ்சினின் ஆற்றல் முழுவதையும் பின்சக்கரத்திற்குக் கொண்டுசேர்க்கும் சங்கிலி, எண்ணெயும் தூசியும் படிந்து கிடப்பதாலோ, உறைக்குள் மறைந்திருப்பதாலோ, பெரும்பாலும் கடைசியாகவே நினைவுக்கு வருகிறது. பணிமனைகளில் செயின் என்று வழங்கப்படும் இவ்வுறுப்பைப் பற்றிப் பரவலாக நிலவும் ஒரு கருத்து, அது எவ்வளவுக்கு இறுக்கமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது என்பதாகும். அக்கருத்து ஏன் பிழையானது, சங்கிலிக்கு எவ்வளவு தொய்வு வேண்டும், அதை எப்படி அளந்து சரிசெய்வது என்பனவற்றை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

இன்றைய மோட்டார் சைக்கிள்களில் ஓடுவது உருளைச் சங்கிலி எனப்படும் வகை. சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட் 1880-இல் காப்புரிமை பெற்ற அமைப்பே அதற்கு அடிப்படை. அதன் ஒவ்வொரு மூட்டிலும் பின் எனப்படும் எஃகு ஊசி ஒன்றும், அதைச் சூழ்ந்து புஷ் எனப்படும் சிறு குழலும், அக்குழலின்மேல் தடையின்றிச் சுழலும் ரோலர் என்னும் உருளையும் உள்ளன. ஸ்பிராக்கெட் எனப்படும் பற்சக்கரத்தின் பல்லைத் தொடுவது உருளையே என்பதால் அங்கே உராய்வு குறைகிறது. ஆனால் சங்கிலி பற்சக்கரத்தை வளைந்து சுற்றும்போதெல்லாம் ஊசி குழலுக்குள் திரும்பியாகவேண்டும் என்பதால், உண்மையான தேய்மானம் வெளியே தெரியாத அந்த உள்ளிடத்திலேயே நிகழ்கிறது. இரண்டு ஊசிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைப் பிட்ச் என்பர். சங்கிலியின் பக்கத் தகட்டில் 428 என்று பொறித்திருந்தால், முதல் இலக்கமான 4 ஓர் அங்குலத்தின் எட்டில் நான்கு பங்கைக் குறிக்கும். அதாவது பிட்ச் 12.7 மில்லிமீட்டர். 520 என்றிருந்தால் எட்டில் ஐந்து பங்கு, அதாவது 15.875 மில்லிமீட்டர்.

சங்கிலி நீண்டுவிட்டது என்று சொல்லும் வழக்கத்தை இங்கே சற்று ஆராயவேண்டும். தகடுகள் இழுபட்டு நீள்வதால் அது நிகழ்வதில்லை. ஊசியும் குழலும் தேய்ந்து மூட்டு தளர்வதால் நிகழ்கிறது. 120 மூட்டுகள் உள்ள ஒரு சங்கிலியில் மூட்டுக்கு 0.1 மில்லிமீட்டர் மட்டும் தேய்ந்தாலும், மொத்த நீளத்தில் 12 மில்லிமீட்டர் கூடிவிடும். சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்று திரும்பும் ஒரு பயணத்தை எடுத்துக்கொண்டால், போகவர ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் ஆகிறது. பின்சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2 மீட்டர் என்று கொண்டால், அது 6 லட்சம் முறை சுழலவேண்டும். பின் பற்சக்கரத்தில் 42 பற்கள் இருந்தால், 120 மூட்டுகள் உள்ள சங்கிலி அந்தப் பயணத்தில் 2 லட்சத்து 10 ஆயிரம் முறை முழுச்சுற்று வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மூட்டு முன் பற்சக்கரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும், பின் பற்சக்கரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதுமாக நான்கு முறை மடங்குவதால், ஒவ்வொரு மூட்டும் 8 லட்சம் முறைக்கு மேல் திரும்புகிறது. ஊசிக்கும் குழலுக்கும் இடையில் இருப்பது மசகா மணலா என்பது இவ்வளவு திருப்பங்களில் தன் விளைவைக் காட்டாமல் போகாது.

ஆகவே முதல் வேலை துப்புரவு. பல வண்டிகளில் இப்போது ஓ-ரிங் சங்கிலிகள் வருகின்றன. அவற்றின் உட்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் இடையில் உள்ள ரப்பர் வளையங்கள், தயாரிக்கும்போதே மூட்டுக்குள் நிரப்பிய கிரீஸை வெளியேறவிடாமல் அடைத்துவைக்கின்றன. பெட்ரோல் அந்த வளையங்களைக் கெடுப்பதோடு தீப்பிடிக்கும் அபாயமும் உடையது. கம்பித் தூரிகை அவற்றைக் கிழித்துவிடும். வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் பீய்ச்சும் நீரை நேராகச் சங்கிலியின்மேல் காட்டினால், அது வளையங்களைக் கடந்து உள்ளே புகக்கூடும். மண்ணெண்ணெயும் மென்மையான தூரிகையும் பழந்துணியுமே பாதுகாப்பானவை. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால்தான் சுழற்றவேண்டும். இஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு துணியால் துடைக்கும் பழக்கத்தில் துணியோடு விரலும் பற்சக்கரத்திற்குள் சிக்கிக்கொள்ளும்.

துடைத்த சங்கிலியிலேதான் தேய்மானத்தை அறியமுடியும். 428 சங்கிலியில் 20 பிட்சுகளின் நீளம் புதிதில் 254 மில்லிமீட்டர். சங்கிலியை இறுக்கிப் பிடித்து அளக்கும்போது அது 259 மில்லிமீட்டரை எட்டினால் 2 விழுக்காடு தேய்ந்துவிட்டது என்பது பொருள். எந்த அளவில் மாற்றவேண்டும் என்பதை வண்டியின் கையேடு வரையறுத்திருக்கும். அளவுகோல் இல்லாதவர், பின் பற்சக்கரத்தின் கடைக்கோடியில் சங்கிலியைப் பிடித்துப் பின்னோக்கி இழுத்துப் பார்க்கலாம். அது பல்லைவிட்டுப் பாதியளவு எழும்பினால் அதன் காலம் முடிந்துவிட்டது. பற்கள் ஒருபுறமாகச் சாய்ந்து கொக்கிபோல் வளைந்திருந்தால் பற்சக்கரமும் தேய்ந்துள்ளது. தேய்ந்த பற்சக்கரத்தில் புதுச் சங்கிலியை மாட்டினால் அது விரைவில் கெடும் என்பதாலேயே, செயின் செட் என்ற பெயரில் இரண்டு பற்சக்கரங்களையும் சங்கிலியையும் ஒன்றாக மாற்றுகிறார்கள். புதுச் சங்கிலி ஓடத் தொடங்கிய சில நூறு கிலோமீட்டரில் ஓரளவு தளரும். எனவே மாற்றுவதைப் புறப்படும் நாளுக்கு முந்தைய மாலைக்கு ஒத்திவைக்காமல், சில வாரங்கள் முன்பே செய்து, ஒருமுறை சரிசெய்த பின்னர் புறப்படுவதே முறை.

இனித் தொய்வைக் கருதலாம். பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் இரும்புக் கையை ஸ்விங் ஆர்ம் என்பர். அது ஊசலாடும் அச்சும் முன் பற்சக்கரத்தின் அச்சும் பெரும்பாலான வண்டிகளில் ஒரே புள்ளியில் அமைவதில்லை. முன் பற்சக்கரம் சற்று முன்னால் இருக்கிறது. இதன் விளைவை மனிதக் கையைக்கொண்டு விளங்கிக்கொள்ளலாம். தோளை முன் பற்சக்கரமாகவும், முழங்கையை ஸ்விங் ஆர்மின் அச்சாகவும், மணிக்கட்டைப் பின்சக்கரத்தின் அச்சாகவும் கொண்டால், கை மடங்கியிருக்கும்போது தோளுக்கும் மணிக்கட்டுக்கும் உள்ள தூரம் குறைவு. கை நேராக நீளும்போது அத்தூரம் உச்சத்தை அடைகிறது. ஆள் ஏறாத வண்டி சிறிது மடங்கிய கையைப் போன்றது. ஓட்டுபவரும் பின்னிருப்பவரும் அமர்ந்து, மூட்டைகளும் ஏறி, வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கும்போது மூன்று புள்ளிகளும் நேர்க்கோட்டை நெருங்குகின்றன; அப்போது இரு பற்சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. அந்தக் கூடுதல் தூரத்திற்கு முன்கூட்டியே ஒதுக்கிவைத்த நீளமே தொய்வு. அது இல்லாவிட்டால் சங்கிலி கம்பிபோல் விறைத்து, கியர்பெட்டியின் அச்சுப் பேரிங்கையும் சக்கரப் பேரிங்கையும் இழுத்துத் தேய்ப்பதோடு, தானும் அறுந்துபோகலாம். மாறாகத் தொய்வு மிகுந்தால் ஆக்சிலேட்டரை முறுக்கும்போதும் விடும்போதும் வண்டி வெட்டும். சங்கிலி உறையில் அடித்துக் கடகடவென்று ஒலிக்கும். பல்லைவிட்டுக் கழன்றால் பின்சக்கரத்தையே பூட்டி வண்டியைச் சாய்த்துவிடவும் கூடும்.

தொய்வை இரண்டு பற்சக்கரங்களுக்கும் நடுவே, சங்கிலியின் கீழ்வரிசையில் அளக்கவேண்டும். ஒரு விரலால் முழுவதும் கீழே அழுத்தியும் முழுவதும் மேலே தூக்கியும், அவ்விரண்டு நிலைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளவுகோலால் குறிக்கவேண்டும். பல வண்டிகளுக்கு இது 20 முதல் 35 மில்லிமீட்டருக்குள் அமையும். கரடுமுரடான பாதைகளுக்கென உயர்ந்த சஸ்பென்ஷனோடு வரும் வண்டிகளுக்கு இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். சரியான அளவும், எந்த ஸ்டாண்டில் நிறுத்தி அளக்கவேண்டும் என்பதும் கையேட்டிலோ ஸ்விங் ஆர்மில் ஒட்டிய சீட்டிலோ இருக்கும். முழு உறையுள்ள வண்டிகளில் உறையின் அடியிலுள்ள ரப்பர் மூடியைக் கழற்றி அவ்வழியே பார்க்கலாம். சங்கிலி எங்கும் ஒரே அளவில் தேய்வதில்லை என்பதால், சக்கரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி நான்கைந்து இடங்களில் அளந்து, மிக இறுக்கமாக உள்ள இடத்தை அடிப்படையாகக் கொள்ளவேண்டும்; தளர்ந்த இடத்தை வைத்து இறுக்கினால், இறுக்கமான இடம் விறைத்துவிடும்.

சரிசெய்வதற்குப் பின் அச்சின் நட்டைத் தளர்த்தி, ஸ்விங் ஆர்மின் இரு முனைகளிலும் உள்ள அட்ஜஸ்டர்களைத் திருப்பிச் சக்கரத்தைப் பின்னுக்கு நகர்த்தவேண்டும். இரு புறமும் சமமாகத் திருப்பி, ஸ்விங் ஆர்மில் வெட்டியுள்ள கோடுகள் இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் நிற்கின்றனவா என்று பார்ப்பது இன்றியமையாதது. ஒரு பக்கம் முந்தினால் சக்கரம் கோணலாக நின்று, பற்களின் பக்கவாட்டைச் சங்கிலி அராவும். நட்டை இறுக்கும்போதே தொய்வு சிறிது மாறக்கூடும் என்பதால் இறுக்கியபின் மீண்டும் அளக்கவேண்டும். நட்டில் ஸ்பிளிட் பின் இருந்தால் பழையதை நிமிர்த்திப் போடாமல் புதியதைச் செருகுவது நல்லது. டிரம் பிரேக் உள்ள வண்டிகளில் சக்கரம் பின்னுக்கு நகர்ந்ததால் பிரேக் கம்பியும் இழுபட்டிருக்கும். ஆகவே பிரேக் பிடிக்குமுன் மிதி வெறுமனே அசையும் அளவையும் அதனோடு சரிசெய்தாகவேண்டும். சங்கிலியின் இரு முனைகளையும் இணைக்கும் லாக்கில் உள்ள கிளிப்பின் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருக்கிறதா என்பதும் இந்த நேரத்திலேயே பார்க்கவேண்டியது.

இறுதியாக மசகு. கையேடு அனுமதிக்கும் 90 எண் கியர் ஆயிலையோ, ஓ-ரிங்குக்கு ஏற்றதென்று குறித்த ஸ்பிரேயையோ, கீழ்வரிசையின் உட்புறத்தில் தடவினால், சுழற்சியின் வேகத்தில் அது தானாகவே வெளிப்புறம் நோக்கிப் பரவும். இஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயில் நுண்ணிய உலோகத் துகள்கள் இருப்பதால் அது மசகு ஆகாது. சிறிது தூரம் ஓடிச் சூடாயிருக்கும் சங்கிலியில் மசகு எளிதில் இறங்கும். முதல் நாள் மாலையில் தடவி இரவு முழுதும் ஊறவிட்டு, மிஞ்சியதைக் காலையில் துடைத்துவிட்டால் அது டயரில் தெறிக்காது.

ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை மசகிடுவது பொது வழக்கம். அக்கணக்கில் தனுஷ்கோடிப் பயணத்தில் வழியிலேயே இருமுறை மசகிடவேண்டியிருக்கும். கடற்கரை மணலும் உப்புக்காற்றும் மழையும் அந்த இடைவெளியை இன்னும் குறைக்கும். ஆகையால் ஒரு சிறு புட்டி கியர் ஆயில், பழந்துணி, பின் அச்சின் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பானர், ஓர் உதிரி லாக் ஆகியவை பையில் இருப்பது நல்லது. புறப்படும் நாளில் எடுத்த தொய்வின் அளவை ஒரு தாளில் எழுதிவைத்து, திரும்பியபின் அதே ஸ்டாண்டில், அதே இறுக்கமான இடத்தில் மீண்டும் அளந்து பார்த்தால், அந்த 8 லட்சம் திருப்பங்களில் சங்கிலி எவ்வளவு தளர்ந்தது என்பது மில்லிமீட்டரில் தெரிந்துவிடும். அடுத்த பயணத்திற்கு அதே சங்கிலி போதுமா என்பதற்கு அந்த எண்ணே விடை.